நாற்பத்தொன்றாம் நம்பர் அட்டை

“உன் ரத்தம் சுத்தந்தானா, பிள்ளை?”

மலாக்காவின் காஜா பெராங் சந்தையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டே மல்லிகா அம்மாள் என்னிடம் கேட்ட கேள்வி இது. முற்றலா பிஞ்சா என்று பார்க்கிற அதே முகத்தை அப்படியே என் பக்கம் திருப்பினார். எனக்குப் பதில் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நான் வெளியாரிடம் வாய் திறக்கிறவள் அல்ல. அது ஐம்பத்தேழாம் வருடம், மே மாதம் இருபத்தெட்டு. பதில் தெரிய இன்னும் எழுபத்தேழு நாள் இருந்தது.

மல்லிகா அம்மாள் செமாபோக்கில் இருப்பவர். அவருடைய மகன் தியாகுவுக்கு என்னைப் பேசியிருந்தார்கள். தியாகு ஒரு சரக்குக் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவரை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். ஸ்டூடியோத் திரையில் வரைந்திருந்த மாடிப்படியில் ஏறப் போகிறவர்போல ஒரு காலை முன்னால் வைத்து நின்றிருந்தார். ஆவணியில் நிச்சயம் என்று முடிவாகியிருந்தது. அந்த மாதத்தில் நாட்டுக்குச் சுதந்திரமும் வந்துவிடும், எனக்குக் கல்யாணமும் கூடிவிடும் என்று அம்மா இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வேலைக்குப் போவதை அம்மா அவர்களிடம் சொல்லவில்லை. எங்கள் தெருமுனையில் இருக்கும் டாக்டர் லிம்மின் கிளினிக்கில் ஊசி கழுவுவது என் வேலை. ஆறாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். நின்றேன், வாசிக்கவில்லை. வகுப்பே சிரித்தது. மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. அப்பா இல்லாத வீட்டில் பள்ளிக்கூடம் போகாத பெண் சும்மா இருக்க முடியாது. கழுவுகிற ஊசி எதையும் வாசிக்கச் சொல்லாது என்பதால் இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. கண்ணாடிச் சிரிஞ்சைக் கழற்றி அலச வேண்டும், ஊசித் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுத் துழாவ வேண்டும், மழுங்கியிருந்தால் எண்ணெய்க் கல்லில் தீட்ட வேண்டும், பிறகு சட்டியில் இருபது நிமிடம் கொதிக்க விட வேண்டும்.

கிளினிக்குக்கு இரண்டு வாசல். முன்வாசல் காய்ச்சலுக்கும் இருமலுக்கும். அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பின்வாசல் மேகநோய்க்கு. அங்கே பெயர் கிடையாது, எண்தான். வைத்தியம் தொடங்கும் நாளில் கையில் ஓர் அட்டை கொடுப்பார்கள். அதில் எண்ணும், ஊசிக்கும் ரத்தத்துக்கும் குறித்த தேதிகளும், வந்துபோன ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஒரு சாப்பும் இருக்கும். சாப்பு என்றால் ரப்பர் முத்திரை. நோயின் பெயரை அட்டையில் எழுத மாட்டார்கள். பின்வாசல் எண் பின்வாசலோடு போக வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. அந்த அறைக்குள் நான் போகக்கூடாது. டாக்டரின் உதவியாளரான டிரெசர் நல்லையா ஊசி போட்டுவிட்டு, எண் எழுதிய சீட்டோடு தட்டை வெளியே நீட்டுவார். நான் வாங்கிக் கழுவுவேன். ஊரின் பெரிய மனிதர்களில் பாதிப் பேரை நான் எண்களாக அறிவேன் என்று நினைக்கிறேன். நல்ல கையெழுத்தில் எழுதப்பட்ட எண்கள்.

மே ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஓர் ஊசியில் கம்பி சிக்கிக்கொண்டது. இழுத்தேன். ஊசி வழுக்கி என் இடது கட்டைவிரலில் ஏறியது. தட்டிலிருந்த சீட்டைப் பார்த்தேன். நாற்பத்தொன்று. ரத்தம் எடுத்த ஊசி.

விரலைச் சப்பிக்கொண்டு மற்ற ஊசிகளைக் கழுவினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. குத்திக்கொண்டேன் என்று சொன்னால் எப்படிக் குத்திக்கொண்டாய் என்று கேட்பார்கள், அதற்கும் வாய் திறக்க வேண்டும்.

அடுத்த செவ்வாய் கோலாலம்பூரிலிருந்து ரத்தப் பரிசோதனைத் தாள்கள் வந்தன. நல்லையா அவற்றைப் புரட்டிக்கொண்டே, “நாப்பத்தொண்டுக்கு இருக்குது” என்று தமக்குள் சொன்னார். என் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

“என்ன பிள்ளை?”

கட்டைவிரலைக் காட்டினேன்.

“எப்ப?”

“போன செவ்வாய்.”

நல்லையா யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தாலும் மரியாதை குறையாது. “ஒரு கிழமையா வாயை மூடிக்கொண்டிருந்தனீரோ? பள்ளிக்கூடத்தில வாய் திறக்காததுக்கு ஒருத்தரும் சாகேல்லை. இஞ்ச அப்பிடியில்லை, பிள்ளை. வாரும், டாக்டரிட்டைப் போவம்.”

டாக்டர் லிம் என் விரலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஊசிக்குத்தில் நோய் தொற்றுவது அபூர்வம் என்றார். ஆனாலும் முன்னெச்சரிக்கையாக நாளையிலிருந்து பத்து நாள் தினம் ஒரு பென்சிலின் ஊசி, இடுப்பில். அதோடு மூன்று தடவை ரத்தம் எடுக்க வேண்டும். இன்று ஒரு தடவை, ஜூன் பதினெட்டில் ஒரு தடவை, ஆகஸ்ட் ஆறில் ஒரு தடவை. இன்றைய ரத்தம் ஒன்றும் சொல்லாது, நோய் ஏறியிருந்தாலும் ரத்தத்தில் தெரிய நாளாகும், மூன்றாம் மாதத்து ரத்தத்தைத்தான் நம்பலாம் என்றார். எனக்கும் ஓர் அட்டை தந்தார்கள். என் எண் நாற்பத்தாறு.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா பக்கத்து வீட்டுக் கமலவேணி அக்காவிடம் மட்டும் சொன்னார், யாரிடமும் சொல்லாதே என்ற நிபந்தனையோடு. கமலவேணி அக்காவும் அதே நிபந்தனையோடுதான் சொன்னார். இப்படி எல்லாரும் நிபந்தனை போட்டுக்கொண்டே போனதில் பத்தாவது ஊசி போடுவதற்குள் விஷயம் செமாபோக் போய்ச் சேர்ந்துவிட்டது.

அம்மா என் தம்ளரில் சிவப்பு நூல் கட்டித் தனியே வைத்தார். நான் தொட்ட தெருக்குழாயைக் கமலவேணி அக்கா புளி போட்டுத் தேய்த்தார். அந்தக் குழாய் அதற்கு முன் அப்படிப் பளபளத்ததே இல்லை. நான்காவது வீட்டு மீனாச்சி மட்டும், அவர் மலாய் பேசும் சிட்டி சமூகத்தவர், எங்கள் தமிழ் அதிகம் வராது, என் கன்னத்தைத் தட்டி “தாக் அப்பா லா” என்றுவிட்டு, ஒன்றுமில்லை என்பதைக் கையாலும் காட்டிவிட்டுப் போனார். மற்ற எல்லாரிடமும் மருந்து இருந்தது. பாகற்காய்ச் சாறு குடி, ஆட்டு ஈரல் தின்னு, ஈரலே தின்னாதே. பின்வாசலில் வரிசையாக நின்ற ஆண்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவர்கள் தொட்ட குழாயை யாரும் தேய்க்கவில்லை.

பயம் ஒரு வேலையைப் போலத்தான். விடிந்ததும் தொடங்கும். முதலில் கட்டைவிரல், பிறகு உள்ளங்கை, பிறகு கழுத்துக் கட்டிகள். நல்லையா தேநீர் குடிக்கப் போகும் நேரத்தில் அவருடைய தடித்த வைத்தியப் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் படித்தேன். முடி உதிரும் என்று போட்டிருந்தது. சீப்பில் வந்த முடியை எடுத்து எடுத்துப் பார்த்தேன். உடம்பில் தடிப்பு வரும் என்று போட்டிருந்தது. மலாக்காவில் கொசுவுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு கொசுக்கடியும் எனக்கு ஒரு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. ஒருமுறை உள்ளங்கையில் செந்நிறப் புள்ளிகளைப் பார்த்து அழுதுவிட்டேன். அது பீட்ரூட்.

நாற்பத்தொன்றுக்குக் கடிதம் எழுதத் தொடங்கியது அப்போதுதான். என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். அனுப்ப விலாசம் இல்லை என்பதால் தைரியமாகவே எழுதினேன். ‘பாவி நாற்பத்தொன்றே’ என்றுதான் முதல் கடிதம் தொடங்கியது. முதலில் அவனைக் கப்பல்காரனாக நினைத்தேன். பிறகு தங்கப்பல் கட்டிய தவுக்கே, சீன முதலாளி, ஆக்கினேன். ஒரு வாரம் அவனுக்குச் சீட்டுக்கட்டு ராஜாவின் மீசை இருந்தது. ஆனால் அந்தப் பத்து நாளும் மாலையில் அவனுக்குப் போட்ட ஊசி என்னிடம் கழுவ வந்த பிறகுதான் எனக்கு ஊசி போடுவார்கள். அதே பென்சிலின், அதே இடுப்பு வலி. அவனும் இப்படித்தான் ஒருக்களித்துப் படுப்பானோ? ஜூன் பதினெட்டில் ரத்தக் குழாய்கள் வைக்கும் மரத்தட்டில் நாற்பத்தொன்றும் நாற்பத்தாறும் பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் நின்றன. எனக்கு அந்தத் தடவை ஒன்றும் இல்லை என்று வந்தது. அவனுக்கு நோய் இறங்கியிருக்கிறது என்று வந்தது. எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. இவனுக்கு மூன்று நோட்டுகள் ஆகிவிட்டன.

ஆகஸ்ட் ஆறாம் தேதி மூன்றாவது தடவை ரத்தம் கொடுத்தேன். நாற்பத்தொன்றும் அன்று வர வேண்டும். ஐந்து மணிவரை அந்தத் துளை காலியாக இருந்தது.

“வரமாட்டினம், பிள்ளை,” என்றார் நல்லையா. “நோவு போனால் பயமும் போயிடும். நாடு முழுக்க விடுதலை குடுக்கேக்கை ஆம்பிளையள் ரத்தம் வேற குடுப்பினமோ?”

“பாக்கலைன்னா என்ன ஆகும்?”

நான் கேள்வி கேட்டதை அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். “முழுசாப் போயிருந்தால் ஒண்டுமில்லை. போகாமல் மிச்சம் இருந்தால் உள்ளுக்க ஒளிச்சிருக்கும். வருஷக்கணக்கா இருக்கும். பிறகு பெண்சாதிக்கு, பிறக்கிற பிள்ளைக்கு.”

அந்தப் பெண்சாதிக்காக அன்று இரண்டு பக்கம் எழுதினேன்.

பதின்மூன்றாம் தேதி என் முடிவு வந்தது. எனக்கு நோய் இல்லை. டாக்டர் லிம் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை, விக்கல் வந்தது. அம்மா வீட்டில் தம்ளர் நூலைக் கத்தரித்து எறிந்தார். ஆனால் செமாபோக்குக்கு வாய்வார்த்தை போதவில்லை. தியாகுவின் அப்பா பொன்னுதுரை சொல்லி அனுப்பினார்: டாக்டர் கடுதாசி வேண்டும், அதில் சாப்பு வேண்டும், அதைப் படித்துச் சொல்ல விவரம் தெரிந்த ஆள் வேண்டும்.

பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, மூவரும் வந்தார்கள். தெருவில் கொடித்தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏணியில் நின்றபடியே எங்கள் வீட்டைப் பார்த்தார்கள். நல்லையா கடிதத்தோடு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். கமலவேணி அக்கா உதவிக்கு வந்திருந்தார், என்ன உதவி என்று யாரும் கேட்கவில்லை. பொன்னுதுரை முதலில் நுழைந்தார், பிறகு மல்லிகா அம்மாள், கடைசியில் தியாகு. அவர் வாசற்படியில் ஒரு காலை முன்னால் வைத்தவர் உள்ளே நல்லையாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அசல் அந்தப் படம்தான். என்னைப்போல அவரும் கூச்சக்காரர் போலிருக்கிறது என்று எனக்கு ஒரு கணம் பிடித்துக்கூடப் போனது. நல்லையா சுவரிலிருந்த நாட்காட்டியை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உக்காருடா, ஏன் நிக்கிற?” என்றார் பொன்னுதுரை. பிறகு அம்மாவிடம், “இவன்கிட்ட நாங்க இந்த விசயமெல்லாம் ஒண்ணும் சொல்லல, தங்கச்சி. பச்ச மனசு. கிளினிக்கு, ஊசி, சீக்குன்னு சொன்னா பயந்துருவான்.”

நல்லையா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைத் தமிழில் சொன்னார். டாக்டர் லிம் கிளினிக்கில் வேலை பார்க்கும் சந்திரமதி என்னும் பெண்ணுக்கு வேலையின்போது ஊசி குத்தியது, மருந்து கொடுக்கப்பட்டது, மூன்று தடவை ரத்தம் பார்க்கப்பட்டது, நோய் இல்லை.

பொன்னுதுரை கடிதத்தை வாங்கி எழுத்தை விட்டுவிட்டுச் சாப்பை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “வட்டச் சாப்பு. சரிதான்.” மல்லிகா அம்மாள் என்னைப் பார்த்து, சந்தையில் வெண்டைக்காயைக் கூடையில் போடும்போது ஆட்டியதுபோலத் தலையை ஆட்டினார். தியாகு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் இவ்ளோ கண்டிப்புன்னு நினைக்காதீங்க,” என்றார் பொன்னுதுரை. “அம்பத்திரெண்டுல நாகப்பட்டணம் போயிட்டுக் கப்பல்ல திரும்பி வந்தோம். அம்மைக்கு ஒரு ஊசி, காலராவுக்கு ஒரு ஊசி, அட்டையில ரெண்டு சாப்பு. அட்டை இல்லாதவன் எல்லாரையும் ஆடு மாதிரி கேம்புல அடைச்சிட்டான் லா. நான் அட்டையை நீட்டினேன், வெள்ளைக்காரன் வழிவிட்டான். அன்னிலேருந்து மனுசனை நம்புறதில்ல, அட்டையைத்தான் நம்புறேன்.”

“நியாயந்தானே,” என்றார் கமலவேணி அக்கா.

“நியாயம்னா ரெண்டு பக்கமும் இருக்கணும். பொண்ணு மட்டும் காட்டணும், மாப்பிள்ளை காட்ட வேணாம்னு நான் சொல்லுவேனா? நம்ம நாடு சுதந்திர நாடு ஆகப்போவுது.” பொன்னுதுரை சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். “இதப் பாருங்க. துவைக்கப் போட்ட இவன் கால்சட்டையில இருந்து மல்லிகா எடுத்தா. ஊசி போட்ட அட்டை! எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல. அடக்கம். என் அட்டையோட சேத்து பிஸ்கட் டின்னுல பத்திரமா வச்சிருந்தேன். எனக்கு ரெண்டு சாப்புதான். எம்மவனுக்குப் பதினொண்ணு!”

“அப்பா,” என்றார் தியாகு. “அதை உள்ள வைங்க.”

“சும்மா இருடா. டிரெசர், நீங்களே வாசிங்க.”

நல்லையா அட்டையைத் தொடவில்லை. “கண்ணாடி கொண்டு வரேல்லை” என்றார். கண்ணாடி அவர் மூக்கின்மேல் இருந்தது.

பொன்னுதுரை அட்டையை என் பக்கம் நீட்டினார். “பொண்ணு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போனதாமே? எழுந்து நின்னு வாசிக்கட்டும். வாய் இருக்கான்னும் பாத்துக்கலாம்.”

எழுந்து நின்றேன். கமலவேணி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆறாம் வகுப்பில் சிரித்ததும் இப்படித்தான்.

அட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் கிளினிக் அட்டை. மேல்மூலையில் நல்லையாவின் நல்ல கையெழுத்தில் நாற்பத்தொன்று. மூன்று நோட்டு நிறைய நான் எழுதிய ஆள் ஆறடி தூரத்தில், கறையில்லாத வெள்ளைக் கால்சட்டையில், முழங்கால்களை ஒட்டி வைத்து உட்கார்ந்திருந்தார். மீசைகூட இல்லை.

பின்வாசல் எண் பின்வாசலோடு. டாக்டரிடம் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் இந்த எண்ணை நான் வெளியே கொண்டுவரவில்லை. அவருடைய அப்பா பிஸ்கட் டின்னில் போட்டுப் பாதுகாத்து, சட்டைப் பையில் வைத்து, முன்வாசல் வழியாகக் கொண்டுவந்திருக்கிறார். நானும் கண்ணாடி இல்லை என்று சொல்லிவிட்டு உட்காரலாம். ஆவணியில் நிச்சயம் நடக்கும். அன்று யாரோ ஒரு பெண்சாதிக்காக எழுதிய இரண்டு பக்கம் எனக்கே எழுதியதாகிவிடும்.

வாசித்தேன்.

“நம்பர் நாற்பத்தொன்று.” என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “மே பதினைந்து, ஊசி. மே பதினாறு, ஊசி. மே பதினேழு, ஊசி.”

ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் பொன்னுதுரை விரல் மடக்கினார். மே இருபதுக்கு வரும்போது பலகாரத் தட்டோடு நின்ற அம்மாவின் கை அசையாமல் போனது. அந்தத் தேதிகள் அம்மாவுக்கு மனப்பாடம். அந்தப் பத்து மாலையும் என் இடுப்புக்கு உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தவர் அவர்தான். மே இருபத்துநான்குக்கு வந்தபோது கமலவேணி அக்காவின் சிரிப்பு நின்றிருந்தது.

“பத்து!” என்றார் பொன்னுதுரை. “பத்து ஊசி! இந்த ஊர்ல எவன் பையன் இவ்ளோ முன்ஜாக்கிரதையா இருப்பான்?”

“ஜூன் பதினெட்டு, ரத்தம்,” என்று வாசித்தேன். “சாப்பு இருக்கு. ஆகஸ்ட் ஆறு, ரத்தம். சாப்பு இல்ல.”

“ஒரு சாப்பு குறையுதா?” பொன்னுதுரைக்கு உண்மையிலேயே வருத்தம். “ஏன்டா, ஒண்ணே ஒண்ணுதான, அதையும் வாங்கியிருக்கலாம்ல?”

தியாகு தலை நிமிர்ந்தார். முகம் மழித்த இடத்தில், தாடையில், கீறல் ஒன்று இருந்தது. அதில் ஒரு துளி ரத்தம் காய்ந்திருந்தது. மூன்று மாதம் நான் பட்டதெல்லாம் அந்தத் துளி அளவு ரத்தத்தால்தான். அவருக்குச் சொல்வதற்கென்று எழுதி வைத்த வசவுகள் நிறைய இருந்தன. ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

“செவ்வாய்க்கிழமை வாங்க,” என்றேன். “அஞ்சு மணி வரைக்கும் இருப்போம். பின்வாசல் தொறந்திருக்கும்.”

அம்மா பலகாரத் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

“பாத்தியா மல்லிகா,” என்றார் பொன்னுதுரை, “இப்பவே எவ்ளோ அக்கறை!”

மல்லிகா அம்மாள் என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், மேசைமேல் இருந்த டாக்டர் கடிதத்தைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே வட்டச் சாப்பு. நல்லையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

தியாகு எழுந்தார். என்னிடம் வந்து கையை நீட்டினார். அட்டையைக் கொடுத்தேன். அதை இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வாசலில் அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டார். அது அவருடைய அப்பாவின் செருப்பு. இரண்டு அளவு பெரியது. கொடித்தோரணத்துக்குக் கீழே அதைச் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு நடந்து போனார்.